பதினொன்றுக்குப் பத்து

மார்ச் மாதத்தில் குற்றாலத்துக்கு யாரும் போக மாட்டார்கள். அருவியில் தண்ணீர் இருக்காது. கனகசபாபதி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். விடுதி காலியாகக் கிடக்கும், தெரிந்த முகம் ஒன்றும் எதிர்ப்படாது. வெம்பூரணி நகராட்சியின் இருபத்தோரு கவுன்சிலர்களில் தன் பக்கத்துப் பதினொரு பேரையும் புதன்கிழமை உறுதிமொழி எடுத்த கையோடு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை நடக்கும் தலைவர் தேர்தல் வரை அங்கே வைத்திருந்தார். ஏறும்போதே போன்களை வாங்கி ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டார்கள். போன் இருந்தது பாண்டிராஜிடம் மட்டும்தான். அவன் கவுன்சிலர் இல்லை. கனகசபாபதியின் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயரை மஸ்டரில் எழுதுவது அவன் வேலை. இப்போது பதினொரு பேருக்கும் காவல்.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் போன் அடித்தது.

எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிராஜ் வாசலுக்கு வந்து எடுத்தான். மறுமுனையில் கம்பெனியில் லோடு ஏற்றும் சுடலை.

"பாண்டி, ஒம்பதாம் செட்டு வெடிச்சுப் போயிருச்சு."

"யாரு யாரு?"

"நாலு பேரும். மூணு பேரு லேசாத் தப்பிச்சிட்டாக. ஒங்கக்கா மகளுக்குத்தான் ரொம்ப. மதுரைக்குக் கொண்டுக்கிட்டுப் போறோம். அக்காவக் கூட்டிக்கிட்டு நேரா மதுரைக்கு வந்துரு."

பாண்டிராஜ் திரும்பி உள்ளே பார்த்தான். அவனுடைய அக்கா மாடத்தி இலையில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தஸ்லிமா ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்பதாம் செட்டு தனியாக நிற்கும் ஒற்றை அறை. அதில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சட்டம் அப்படி. அந்த நாலு இடத்தில் ஒன்று பதினாறு வருசமாக மாடத்தியுடையது. சக்கரத்துக்குத் திரி சொருகுவாள். ஓர் இடம் இரண்டு நாள் காலியாகக் கிடந்தால் மூன்றாம் நாள் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் காய்ச்சலோ கல்யாணமோ, எது வந்தாலும் பெண்கள் தங்கள் பெயரில் வீட்டு ஆள் யாரையாவது அனுப்பிவிடுவார்கள். மஸ்டரில் பெயர் மாறாது. ஆள் மட்டும் மாறும். எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறதுதான் என்று அங்கே சொல்வார்கள்.

குற்றாலத்துக்குக் கிளம்புகிற அன்று மாடத்தி தம்பியிடம் சொன்னாள்: "ரெண்டு நாளைக்கு வேல்விழிய ஒக்கார வைடா. எடம் போயிரக் கூடாது."

"நீ சேர்மன் ஆகப் போறக்கா. இன்னுமா திரி சொருகப் போற?"

"சேர்மன் சேரு அஞ்சு வருசத்துக்கு. அதுவும் அவுக போட்ட சேரு. செட்டு எடம் என் எடம்லே."

மாடத்தியின் மகள் வேல்விழி, தகப்பன் இல்லாதவள், பிளஸ் டூ படித்தாள். வயது பதினேழு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொன்னது அம்மா. கிளம்பும் முன்பே மஸ்டரில் 'மாடத்தி, 38' என்று இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுதியது மாமன்.

சுடலை போனை வைத்த கையோடு கனகசபாபதி கூப்பிட்டார்.

"விசயம் தெரியுமா?"

"தெரியும் மொதலாளி. அக்காவக் கூட்டிக்கிட்டுக் கெளம்புறேன்."

"கெளம்பி? நாளைக்கு ஒம்போதரைக்கு எலெக்சன். பதினொண்ணுல ஒண்ணு போனா பத்துக்குப் பத்து. நிக்கிற ஆளே வரலைன்னா அந்த நாகஜோதி ஏறி ஒக்காந்துருவா. தொழிலாளர் சங்கத்துக்காரி. மொத வேலையா என் செட்ட அளக்க டேப்போட வந்துருவா. ஒனக்குத் தெரியாததா?"

"இல்ல மொதலாளி, புள்ளைக்கு ரொம்ப முடியலன்னு..."

"டாக்டர் பாக்க மாட்டாரா? நீயும் ஒங்கக்காவும் போயி மருந்தா போடப் போறீக? நாளைக்கு ஒரு மணிக்கு என் கார்லயே கூட்டிக்கிட்டுப் போ. இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில மஸ்டர்ல இருக்க பேரத்தான் கொடுக்கச் சொல்லியிருக்கேன். பதினெட்டு ஆகாத புள்ளைன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனிக்குச் சீலு. மஸ்டர் எழுதுனது யாருன்னு கேப்பான். நானா எழுதுனேன்?"

பாண்டிராஜ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"குப்பை காண்ட்ராக்ட் ஒனக்குன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஒரு நாளு வாயப் பொத்திக்கிட்டு இரு."

வெம்பூரணி போன வருசம் வரை பேரூராட்சி. பக்கத்துக் கிராமங்கள் நாலைச் சேர்த்து நகராட்சி ஆக்கினார்கள். முப்பது வருசமாக அப்பாவும் மகனுமாக அந்த நாற்காலியில் இருந்த குடும்பம் கனகசபாபதியுடையது. புது நகராட்சியின் முதல் தலைவர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு என்று அறிவிப்பு வந்ததும் அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்பதாம் செட்டுக்கு ஆள் அனுப்பி மாடத்தியைக் கூப்பிட்டார். அவள் கையில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்தைக்கூடக் கழுவாமல் போய் நின்றாள். அவள் தெருக்காரர்கள் தெருக்குழாய் கேட்டுக் கவுன்சிலர் வீட்டு வாசல் வரை போயே பழக்கம், உள்ளே போனதில்லை. இப்போது அவளே கவுன்சிலர்.

பாண்டிராஜ் உள்ளே வந்தான். சோறு ஆறிப்போயிருந்தது.

"யாருலே போன்ல?" என்றாள் மாடத்தி.

"மொதலாளி. நாளைக்கு வண்டி எத்தன மணிக்குன்னு."

"வேல்விழிக்கு ஒரு போனு போட்டுக் கொடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளிய வந்துருப்பா."

"போன் யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காகக்கா."

"எனக்குமா? நான் நாளைக்குச் சேர்மன்ல?"

"சேர்மனுக்கே இந்தக் கெதியான்னு கேக்குறாக பாண்டி" என்றாள் தஸ்லிமா. அவளும் கவுன்சிலர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்காரி. "எங்க வீட்டுல அந்த மனுசன் ரெண்டு நாளா நிம்மதியாத் தூங்குவாரு."

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் சம்சு, கவுன்சிலர்களில் மூத்தவர், மோரைக் குடித்துவிட்டு இலையை மடித்தார். "தண்ணியில்லாத குத்தாலத்துக்குக் கூட்டியாந்து போனையும் புடுங்கி வச்சிருக்கான் கனகசபாபதி. பேசாம ஜெயில்ல வச்சிருந்தா பேப்பராவது படிச்சிருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டிராஜும் சிரித்தான்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சுடலை மறுபடியும் கூப்பிட்டான். பாண்டிராஜ் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் நின்று பேசினான்.

"எங்கடா இருக்கீக? எந்நேரம் ஆச்சு?"

"வர முடியாதுடா. நாளைக்கு மத்தியானம்."

"நாளைக்கா? டாக்டர் என்ன சொல்றாருன்னு தெரியுமா? எழுவது சதம் வெந்துருச்சுங்கிறாரு. இந்தா, பேசு. போன்ல அம்மாகிட்டப் பேசணும்னு ஒரே புடியா இருக்கு."

"வேண்டாம்லே..."

அதற்குள் மறுமுனையில் மூச்சு கேட்டது. பிறகு குரல். வேல்விழியின் குரல் மாதிரி இல்லை. உதடு வீங்கியிருக்க வேண்டும்.

"அம்மா."

"மாமா பேசுறேன் தாயி."

"அம்மாவக் கூப்பிடுங்க மாமா."

"அம்மா வந்துக்கிட்டு இருக்கா. வண்டியில ஏறிட்டா."

"எங்கன வாராக?"

பாண்டிராஜ் சாலையைப் பார்த்தான். "ராஜபாளையம் தாண்டிட்டா."

"தண்ணி கேட்டாத் தர மாட்டேங்கிறாக மாமா. அம்மாவ வரும்போது தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

"சரி தாயி."

"நான் ஒண்ணும் செய்யல மாமா. நான் திரிதான் சொருகுனேன். உரசுற மாதிரி தட்டத் தரையில இழுக்கல."

"நீ ஒண்ணும் செய்யல. கண்ண மூடிப் படு."

அதன் பிறகு இரண்டு முறை போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. சத்தத்தை நிறுத்தி சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பை நடுங்கும்போதெல்லாம் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டான்.

மாடத்தி அறையில் கண்ணாடி முன்னால் நின்று தலைவர் பதவிக்கான உறுதிமொழியைப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள். கமிஷனர் ஆபீசில் கொடுத்த தாள். எட்டாவது வரை படித்தவள். 'அரசியலமைப்பு' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு இடறியது. தஸ்லிமா கட்டிலில் படுத்துக்கொண்டு திருத்தினாள்.

"மாடத்திக்கா, மெதுவா. ரேசன் கடையில திட்டுற மாதிரி படிக்கிறீக."

"வேல்விழி இருந்தா ஒரே மூச்சுல படிச்சிருவா. சின்னதுலயே பேச்சுப் போட்டியில தட்டு வாங்குனவ." அவள் தம்பியைப் பார்த்தாள். "ஏன்லே மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"தலவலி."

"மாத்திர போட்டுப் படு. நாளைக்கு நீயில்லாம நான் ஒத்தையில அந்தக் கூட்டத்துல நிக்க மாட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. பதினொரு பேரும் குளித்து, புதுத்துணியில் வரிசையாக ஏறினார்கள். மாடத்தி கனகசபாபதி வாங்கிக்கொடுத்த பட்டுச்சேலையில் இருந்தாள். பாண்டிராஜ் கடைசி ஆளாக ஏறக் காலைத் தூக்கியபோது பை நடுங்கியது. இந்த முறை எடுத்தான்.

"போயிருச்சுடா" என்றான் சுடலை. "அஞ்சே முக்காலுக்கு. இனி மெதுவா வாங்க."

பாண்டிராஜ் படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. யாரும் இறங்கக் கூடாது, டீ உள்ளேயே வரும் என்று பாண்டிராஜ் சொன்னான். ஆனால் சம்சு, "ஒண்ணுக்குப் போறதும் உள்ளேயேவா?" என்று திட்டிவிட்டு இறங்கினார். திரும்பி வரும்போது கையில் பேப்பர் இருந்தது. பாண்டிராஜ் டீ கொடுத்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

வண்டி நகர்ந்த பிறகு சம்சு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விரித்தார்.

"அட, நம்ம ஊருல வெடி விபத்தாம்லே. கனகசபாபதி கம்பெனின்னுல போட்டுருக்கான். ஒருத்தனும் சொல்லலையே." படித்துக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். "ஏம்மா மாடத்தி, ஒன்னையப் பேப்பர்ல போட்டுருக்கான். 'பலத்த காயமடைந்த மாடத்தி, முப்பத்தெட்டு, மதுரை அரசு மருத்துவமனையில்.' சேர்மன் ஆகும் முன்னாலயே ஒன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டான்."

"நல்லாப் பாருங்க பாய், பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மூன்று நாலு பேர் சிரித்தார்கள். "ஆவி ஓட்டுப் போட்டாச் செல்லுமான்னு கமிஷனரக் கேக்கணும்."

மாடத்தி சிரிக்கவில்லை. எழுந்து சம்சுவின் கையிலிருந்து பேப்பரை வாங்கினாள். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து நின்றாள். வண்டி ஆடியது. அவள் எதையும் பிடிக்கவில்லை.

"பாண்டி."

அவன் முன்சீட்டிலிருந்து திரும்பினான்.

"நேத்து எம் பேர்ல யாருலே ஒக்காந்தா?"

வண்டிக்குள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் புரியத் தொடங்கியது. வெம்பூரணியில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

"அக்கா, ஒக்காரு. சொல்றேன்."

"வண்டிய நிறுத்தச் சொல்லு."

"அக்கா, கையிலதான். கையிலயும் தோள்லயும் கொஞ்சம். நேத்தே பேசிட்டேன். நல்லாப் பேசுனா."

"ஏன்லே என்கிட்டச் சொல்லல?"

"நீ இப்பிடிப் பதறுவன்னுதான்." அவன் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். குரலைத் தாழ்த்தினான். அவன் சொல்லப்போவது முந்தைய நிமிடம் வரை அவனுக்கே தெரியாது. "யோசிச்சுப் பாரு. மாடத்தியாப் போனா வராந்தாவுல நிக்கச் சொல்லுவான். ஒருத்தனும் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டான். ரெண்டு மணி நேரம் பொறுத்துக்கிட்டு நகராட்சிச் சேர்மனாப் போ. பெரிய டாக்டரே எந்திரிச்சு வருவாரு. தனி ரூமு போடுவாக. யாருக்குக்கா நல்லது? புள்ளைக்குத்தான?"

மாடத்தி அவன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தை அவள் தன் இடுப்பில் தூக்கி வளர்த்திருந்தாள்.

"பேசுனாளா?"

"பேசுனா. ஒன்னையத் தண்ணி கொண்டாரச் சொன்னா."

அது உண்மை என்பதால் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

தஸ்லிமா நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவருக்குப் புது பஸ் ஸ்டாண்டில் கடை ஒதுக்குவதாகப் பேச்சு. "எப்பிடியும் மதுரைக்கு நம்ம ஊரு வழியாத்தானக்கா போகணும். போற வழியில ஒரு கையெழுத்து, அம்புட்டுத்தான." சம்சு பேப்பரை நாலாக மடித்து உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் மருமகனுக்கு நகராட்சியில் வேலை. மற்ற எட்டுப் பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் வெரசாப் போங்க" என்றாள் மாடத்தி.

நகராட்சி ஆபீஸ் வாசலில் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கனகசபாபதியின் ஆட்கள், கையில் மாலையும் சரவெடியும். மறுபக்கம் சங்கத்துக்காரர்கள். மாடத்தி கூட்டத்தைப் பார்க்காமல் படியேறினாள். மன்றக் கூடத்தில் எதிரணியின் பத்துப் பேரும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதி எழுந்து வந்தாள். அவள் மாடத்திக்குப் பக்கத்துத் தெரு. முறைக்கு நாத்தனார்.

"மைனி, ஒங்களப் போன்ல புடிக்க முடியல. வேல்விழிக்கு..."

"தெரியும்."

நாகஜோதி அப்படியே நின்றாள். "தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். பேசாம ஒக்காரு. நேரமாகுது."

நாகஜோதி அவளுடைய பட்டுச்சேலையைப் பார்த்தாள். தலையில் இருந்த மல்லிகையைப் பார்த்தாள். "நாங்கூட ஒங்கள இழுத்துக்கிட்டுப் போயி அடைச்சு வச்சிருக்காகன்னு நெனச்சேன் மைனி" என்றாள். "தெருவுல எல்லாருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன்." திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு மாடத்தியின் பக்கம் பார்க்கவே இல்லை.

கமிஷனர் விதிகளைப் படித்தார். நீளமாக இருந்தது. மாடத்தி இரண்டு முறை எழுந்து, "சீக்கிரம் சார்" என்றாள். பதவிக்கு என்ன அவசரம் பார் என்று எதிரணியில் யாரோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போட முதல் ஆளாகப் போனாள். எண்ணி முடித்தார்கள். பதினொன்றுக்குப் பத்து.

வெளியே சரவெடி வெடித்தது. வெம்பூரணியின் முதல் நகர்மன்றத் தலைவர் என்று ஒருவன் மைக்கில் கத்தினான். உறுதிமொழித் தாளைக் கையில் கொடுத்தார்கள். அவள் ஒரே மூச்சில் படித்தாள், எங்கும் இடறாமல். கனகசபாபதி மாலையைப் போட்டுவிட்டு, "கார் ரெடியா இருக்கு, போயிட்டு வாம்மா" என்றார். அவர் முதல் முறையாக அவளை அம்மா என்று கூப்பிட்டார்.

காரில் மாடத்தி மாலையைக் கழற்றவில்லை. "இதோட போனாத்தான் நம்புவாக" என்றாள். திருமங்கலத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாண்டிராஜ் முன்சீட்டில் இருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று அவன் கப்பலூரில் நினைத்தான். திருப்பரங்குன்றத்தில் நினைத்தான். ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

தீக்காய வார்டில் மேசைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இருந்தாள்.

"நான் வெம்பூரணி நகராட்சிச் சேர்மன்" என்றாள் மாடத்தி. "எம் மகளப் பாக்கணும். வேல்விழி."

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். "வேல்விழின்னு யாரும் இல்லையேம்மா."

"வெடியில வந்த புள்ளைம்மா. நேத்து."

"வெம்பூரணியா? அதுல ஒருத்தவங்கதான் வந்தாங்க. மாடத்தின்னு."

"அதுதான். அது எம் பேரு."

நர்ஸ் மாலையையும் பாட்டிலையும் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா? காலையில அஞ்சே முக்காலுக்கே முடிஞ்சு போச்சு. கூட இருந்தவரு உடனே உங்க வீட்டு ஆளுக்குப் போன் பண்ணாரே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

மாடத்தி திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் பாண்டிராஜுக்குத் தெரிந்தது.

பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சுடலை உட்கார்ந்திருந்தான். நேற்றைய சட்டை, முழங்கை வரை கரி. ஏட்டு ஒருவர் அட்டையில் தாள்களை வைத்துக்கொண்டு நின்றார். பாண்டிராஜின் பை நடுங்கியது. கனகசபாபதி.

"செத்தது வேற மாடத்தின்னு ஒங்கக்காவச் சொல்லச் சொல்லு. நம்ம ஊருல மாடத்திக்கா பஞ்சம்? கேள்வி கேக்க ஆள் இல்லாத அனாதைப் பொம்பளைன்னு எழுதிக்கிரட்டும். தெரு வாய நான் பாத்துக்கிறேன்."

பாண்டிராஜ் அக்காவின் பக்கத்தில் போனான். "அக்கா, நான் சொல்றத மட்டும் கேளு. வயசு தெரிஞ்சா கம்பெனிக்குப் பூட்டு. முந்நூறு குடும்பம். நான் உள்ள போயிருவேன், எம் புள்ளைக தெருவுல நிக்கும். நீ இன்னைக்குத்தான் சேர்மன் ஆயிருக்க. போனது போயிருச்சு. அது யாரோ மாடத்தின்னு ஒரு வார்த்த..."

மாடத்தி சுடலையிடம் கேட்டாள். "என்னையத் தேடுனாளா?"

சுடலை பாண்டிராஜைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ராத்திரி முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு மைனி. நீங்க ராஜபாளையம் தாண்டிட்டீகன்னு மாமன் சொன்னாருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ராஜபாளையத்துல இருந்து இம்புட்டு நேரமா சித்தப்பான்னு என்கிட்டக் கேட்டுச்சு."

ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "அம்மா, உடம்ப அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடணும். பேரு மாடத்தி, வயசு முப்பத்தெட்டு. சரிதானே?"

"இல்ல" என்றாள் மாடத்தி. "வேல்விழி. பதினேழு. பன்னெண்டாவது படிக்கிறா. எம் மக."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "கம்பெனி மஸ்டர்ல மாடத்தின்னு இருக்கே."

"அனுப்புனது நானு. எழுதிக்கோங்க. எம் பேர்ல ஒக்கார வச்சு எழுதுனது இவரு."

ஏட்டு பாண்டிராஜை மேலும் கீழும் பார்த்தார். அவனுடைய மூக்கும் நெற்றியும் அவளுடையதைப் போலவே இருந்தன.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

மாடத்தி மாலையைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "கம்பெனியில மஸ்டர் எழுதுறவரு."

ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.